கைகளைத் தாங்குமுன் ஒரு கல்லைக் கொண்டுவாருங்கள்

பேராயர்களுக்கும், திருச்சபை மன்றங்களின் பொறுப்பாளர்களுக்கும், சபை நிர்வாகக் குழுக்களில் இருக்கும் என் உடன் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

உங்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். நம் ஆயர்களின் ஓய்வையும் நலத்தையும் பற்றி எழுதுகிறேன்.

நான் ஆயர் அல்ல. இறையியல் படித்தவனும் அல்ல. பதினொரு ஆண்டுகளாக ஒரு சபையின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். அதில் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். ஆயருடைய விடுமுறைக் கடிதங்கள் முதலில் என் கைக்குத்தான் வரும். இந்த மடலை எழுத எனக்கிருக்கும் தகுதி அது ஒன்றுதான். அந்தக் கடிதங்களை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

எங்கள் ஆயர் ஒரே ஆண்டில் மூன்று முறை இரண்டு வார விடுமுறை கேட்டார். முதல் முறை, "பண்டிகை முடியட்டும் ஐயா" என்றோம். இரண்டாம் முறை கட்டட நிதிக்கான கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அவர் இல்லாவிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள் என்றோம். மூன்றாம் முறை குழுவில் ஒருவர் வீட்டுத் திருமணம். "நீங்கள்தான் நடத்திவைக்க வேண்டும், வேறு யார் வந்தாலும் மனசு ஏற்காது" என்றார்கள். மூன்று முறையும் அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். மூன்று முறையும் அவருடைய அர்ப்பணிப்பைப் பாராட்டிக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதியவன் நான்.

நான்காவது முறை அவர் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்றைய மூன்றாவது ஆராதனையில், கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். "எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவர்களுக்கு" என்பது வரைக்கும் வந்தார். அடுத்த சொல் வரவில்லை. சபையார் தாங்களாகவே சொல்லி முடித்தார்கள். ஆவியானவர் ஆயரை அசைக்கிறார் என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மெல்லச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று மாலை அவரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. சர்க்கரை நோய் இருந்திருக்கிறது. எத்தனை காலமாக என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவர் பரிசோதனைக்கே போனதில்லை. இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மனநல மருத்துவர் அதை மனச்சோர்வு என்று சொன்னார். பிறகு ஒரு நாள், படுக்கைக்குப் பக்கத்தில் நான் மட்டும் இருந்தபோது, ஆயர் என்னிடம் ஒன்று சொன்னார். அவருடைய சம்மதத்தோடுதான் அதை இங்கே எழுதுகிறேன். "எனக்கு ஜெபிக்கவே முடியாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. மற்றவர்களுக்காக ஜெபிப்பேன். எனக்காக வாயைத் திறந்தால் ஒன்றும் வராது. இதை நான் யாரிடம் சொல்ல முடியும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தை நாம் எல்லாரும் அறிவோம். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மோசேயின் கை உயர்ந்திருந்தால் இஸ்ரவேல் மேற்கொள்கிறது, தாழ்ந்தால் அமலேக்கு மேற்கொள்கிறது. ஆரோனும் ஊர் என்பவனும் இரண்டு பக்கமும் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். ஆயர்களுக்காக ஜெபிக்கும் ஞாயிறுகளில் இந்தப் பகுதியை வாசிக்காத சபை அநேகமாக இருக்காது. "நம்முடைய ஆயரின் கைகளைத் தாங்குவோம்" என்று நானே எத்தனையோ முறை ஜெபித்திருக்கிறேன். ஆனால் 12ஆம் வசனத்தில் கைகளைத் தாங்குவதற்கு முன்பு ஒரு காரியம் நடக்கிறது. மோசேயின் கைகள் அசந்துபோகின்றன. அவர்கள் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனுக்குக் கீழே வைக்கிறார்கள். அவன் அதன்மேல் உட்காருகிறான். அதற்குப் பிறகுதான் கைகளைத் தாங்குகிறார்கள்.

அந்தக் கல்லைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. நாம் கைகளைத் தாங்குகிறோம். அதாவது ஜெபிக்கிறோம், பாராட்டுகிறோம், பிறந்தநாளுக்குச் சால்வை போடுகிறோம். இவையெல்லாம் அன்போடு செய்வதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனிதர் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறார். உட்காருவதற்கு அவருக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் இருப்பவர்களின் உற்சாகம் குறைந்த நாளிலும் அவரைத் தாங்குகிற, கனமான, அசையாத ஓர் ஏற்பாட்டைத்தான் அந்தக் கல்லில் நான் பார்க்கிறேன். எழுதிவைத்த விடுமுறை, அவருக்குப் பதிலாக நிற்க ஓர் ஆள், மருத்துவச் செலவுக்கு ஒரு வழி, நம்பிப் பேச ஒரு காது. இவற்றைக் கேட்டுத்தான் இந்த மடல்.

இதை விசுவாசத்துக்கு வெளியே உள்ள நிர்வாகக் காரியம் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊழியக்காரனுக்கு மனச்சோர்வு என்றால் விசுவாசக் குறைவு. உடம்பு முடியவில்லை என்றால் இன்னும் உபவாசித்து ஜெபிக்க வேண்டும். அப்படிச் சொன்ன ஒருவர் எங்கள் குழுவிலேயே இருந்தார். அவரைக் குறைசொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் கற்பித்திருக்கிறார்கள். அவரை எலியாவிடம் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தேவன் அவனிடம் அனுப்பிய தூதன் என்ன செய்தான்? கடிந்துகொள்ளவில்லை. விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டான், குடித்தான், திரும்பவும் படுத்துத் தூங்கினான். தூதன் அதையும் தடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பியபோதும் சாப்பாடுதான், கூடவே ஒரு காரணமும் சொன்னான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." ஓரேப் மலையிலே தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம். முதலில் உடம்பு. ஓரேபிலே எலியாவின் புலம்பலைக் கேட்ட தேவன் அவனை மட்டும் திருப்பி அனுப்பவில்லை. அபிஷேகம்பண்ண வேண்டியவர்களில் எலிசாவின் பெயரையும் சொல்லி அனுப்பினார். கூட ஒரு மனிதர் கிடைத்தார்.

மோசேயும் ஒருமுறை, "இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கக்கூடாது" என்று சொல்லி, என்னைக் கொன்றுபோடும் என்று கேட்டார். எண்ணாகமம் 11இல் இருக்கிறது. தேவனுடைய பதில் எழுபது மூப்பர்கள். பாரத்தைப் பங்கிட எழுபது பேர்! நிர்வாகக் குழுவில் இருக்கும் நாம் இதை வாசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் நடுங்க வேண்டும். மூப்பர் என்ற பொறுப்பு அந்த இடத்தில் ஒரு களைத்த மனிதருடைய மரண வேண்டுதலுக்குப் பதிலாக வந்தது. நாமோ அவருக்கு வேலை கொடுப்பவர்களாக மாறிவிட்டோம்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், சபை ஒழுங்குகளுக்கு நடுவே, "உன் வயிற்றிற்காகவும், உனக்கு அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகவும்" என்று ஒரு வரி வரும். கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்கிறார். மதுவைப் பற்றிய சண்டையில் இந்த வசனத்தை இழுத்து இழுத்து, அதிலிருக்கும் அன்பை நாம் பார்க்காமலே விட்டுவிட்டோம். ஒரு மூத்த ஊழியர் இளைய ஊழியரின் வயிற்றை விசாரிக்கிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகிறது என்பது பவுலுக்குத் தெரிந்திருக்கிறது. பேராயர்களே, உங்கள் பொறுப்பில் இருக்கும் ஆயர்களில் யாருக்கு இரத்த அழுத்தம், யார் தூக்கமில்லாமல் தவிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா? குற்றம்சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது, நான் எங்கள் ஆயருக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருந்தவன்.

இயேசுவும் சீஷர்களிடம், "வனாந்தரமான ஓர் இடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்றார். சாப்பிடக்கூட அவர்களுக்குச் சமயமில்லாதிருந்தது என்று மாற்கு காரணம் எழுதுகிறார். இங்கே ஒரு மறுப்பு எப்போதும் வரும்: அந்த ஓய்வு நடக்கவில்லையே, ஜனங்கள் முந்திக்கொண்டு போய்விட்டார்களே, இயேசுவும் மனதுருகி உபதேசம்பண்ணினாரே என்று. உண்மைதான். ஆனால் அதே அதிகாரத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். அப்பங்களைப் பங்கிட்டு முடிந்தவுடன் சீஷர்களைப் படவில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். ஜனங்களைத் தாமே அனுப்பிவிடுகிறார். பிறகு தனியே மலைக்குப் போகிறார். கூட்டத்தை அனுப்பும் வேலையைக் களைத்துப்போனவர்களின் தலையில் அவர் போடவில்லை. நம் சபைகளில், "இன்று வேண்டாம், நாளை வாருங்கள்" என்று சொல்லும் பொறுப்பும் ஆயருக்கே. சொன்னால் கெட்ட பெயரும் அவருக்கே.

இதெல்லாம் வேதத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, ஊழியர்களின் களைப்பைப் புகழும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகளை நாம் வாசித்த விதத்திலும் அது இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹென்றி மார்ட்டின் 1806இல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது, தேவனுக்காக எரிந்து தீர்ந்துபோக வேண்டும் என்று எழுதினார். உருதுவிலும் பாரசீகத்திலும் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1812இல், 31 வயதில், துருக்கியின் தோகாத்தில் காய்ச்சலோடு இறந்தார். அவரை நான் மிகவும் மதிக்கிறேன். அவருடைய பெயரை வாசிக்கும்போது இன்றும் எனக்குக் கண் கலங்கும். அவருக்கு முன்மாதிரியாக இருந்தவர்களில் ஒருவர், அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடம் ஊழியம் செய்த டேவிட் பிரெய்னர்ட். 1747இல், 29 வயதில், காசநோயால் இறந்தவர். பிரெய்னர்டின் நாட்குறிப்பை 1749இல் வெளியிட்டவர் அவருடைய நண்பரான இறையியலாளர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ். அவர் அதற்கு எழுதிய முன்னுரையில் பிரெய்னர்டிடம் இருந்த குறைகளையும் சொல்கிறார். ஒன்று, மனச்சோர்வுக்குச் சாய்ந்த இயல்பு. மற்றொன்று, தன் பலத்துக்கு மிஞ்சி உழைத்தது. நண்பரை அவ்வளவு நேசித்தவரே அதைக் குறை என்று எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டோம், எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய பிரசங்கங்களை மேற்கோள் காட்டாத பிரசங்க மேடையே கிடையாது. 1856 அக்டோபரில், அவருக்கு 22 வயது. லண்டன் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் பிரசங்கித்தபோது யாரோ "தீ" என்று பொய்யாகக் கூச்சலிட, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் காயம் அவரை வாழ்நாளெல்லாம் விடவில்லை. மனச்சோர்வு அடிக்கடி வந்தது. கீல்வாத நோயும் வாட்டியது. அவர் அதை மறைக்கவில்லை. தன்னிடம் படித்த இளம் ஊழியர்களுக்கு ஒரு விரிவுரை முழுவதும் இதைப் பற்றியே பேசினார். உட்கார்ந்தே செய்யும் வேலை மனதைத் தாழ்த்தும் என்றார். வெளிக்காற்றில் நடந்தால் ஆத்துமாவுக்குக் கிருபை கிடைக்காது, ஆனால் உடம்புக்கு அது நல்லது என்றார். குளிர்காலங்களில் பிரான்சின் தென்கரையில் உள்ள மென்ட்டோனுக்குப் போய்த் தங்குவார். 1892இல் 57 வயதில் அங்கேயே இறந்தார். அவருடைய வல்லமையைப் பேசும் நாம், அவருடைய நடைப்பயிற்சியையும் குளிர்கால ஓய்வையும் ஏன் பேசுவதில்லை?

இனி இந்த வேலையைப் பற்றி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆயருக்கு ஞாயிறு ஒரு நாள்தான் வேலை. நானும் அப்படி நினைத்தவன்தான். எங்கள் ஆயர் விழுந்த பிறகு, அவருடைய மனைவியிடம் ஒரு வார நாட்குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரே சனிக்கிழமையில் காலையில் ஒரு குழந்தையின் அடக்கம், மாலையில் ஒரு திருமணம். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம். அடக்கத்தில் அழுத முகத்தை அந்த நான்கு மணி நேரத்தில் எங்கே கழற்றி வைப்பார்? அன்று இரவே ஞாயிறு பிரசங்கத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். இரவு ஒரு மணிக்குத் தொலைபேசி. குடித்துவிட்டு அடிக்கும் கணவனுக்குப் பயந்து ஒரு பெண். அந்தப் பெண் யார் என்று அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. இப்படி யாரிடமும் சொல்ல முடியாத காரியங்கள் ஒருவருக்குள் எத்தனை ஆண்டுகள் சேர்ந்துகொண்டே போகும் என்று யோசித்துப் பாருங்கள். பாவ அறிக்கை கேட்கும் குருக்களுக்கு இது இன்னும் அதிகம்.

அதோடு, ஆயருக்கு ஆலயம் என்பதே வேலைசெய்யும் இடம். நமக்குப் பாரம் வந்தால் ஆலயத்துக்குப் போய் உட்காருகிறோம். அவர் எங்கே போவார்? வேதத்தைத் திறந்தால் அடுத்த பிரசங்கம் கண்ணில் படுகிறது. ஜெபிக்க முழங்கால் போட்டால் ஜெபக் குறிப்புகளின் பட்டியல் வருகிறது. தேவனோடு இருந்த தனிப்பட்ட உறவு, கடமைக்குள் மெல்ல மெல்லக் கரைந்துவிடுகிறது. ஆத்துமாவின் நலத்தை உடம்பிலிருந்தும் மனதிலிருந்தும் பிரித்து வைக்க முடியாது என்பதை நான் அந்த மருத்துவமனைப் படுக்கைக்குப் பக்கத்தில்தான் கற்றுக்கொண்டேன். அவருக்கு ஜெபம் திரும்பி வந்தபோது, முதலில் தூக்கம் வந்திருந்தது.

உலக சுகாதார அமைப்பு 2019இல் தன்னுடைய நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் பர்ன்அவுட் என்பதற்கு விளக்கம் கொடுத்தது. அதை ஒரு நோயாக வைக்கவில்லை. வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்று வைத்தது. வேலையிடத்தில் நீண்டகாலமாக இருக்கும் அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது. சோர்ந்துபோதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், தன்னால் ஒன்றும் முடியவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இது எனக்கு ஏன் முக்கியமாகத் தெரிகிறது என்றால், பிரச்சினை ஆளிடம் மட்டும் இல்லை, வேலையை அமைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது என்று அது சொல்கிறது. அந்த வேலையை அமைப்பவர்கள் நீங்களும் நானும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் யுனைட்டட் மெதடிஸ்ட் திருச்சபையின் ஆயர்களிடம் டியூக் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் ஆய்வு செய்திருக்கிறார்கள். 2008இல் 1,726 ஆயர்களிடம் கேட்டபோது 8.7 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அந்நாட்டுப் பொதுமக்களிடம் அது 5.5 சதவீதம். அதன் பிறகு ஆயர்களின் உடல், மன, ஆன்ம நலத்தைச் சேர்த்துக் கவனிக்கும் இரண்டாண்டுத் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயர்கள் சேர்ந்தார்கள். உடல்நலத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மன அழுத்தமும் மனச்சோர்வும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. இதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: ஓர் ஆயருக்கு நடக்கவும் அளவாகச் சாப்பிடவும் கற்றுக்கொடுக்கலாம், அதற்குப் பலன் உண்டு. ஆனால் அவர் திரும்பிப் போகும் சபை அப்படியே இருந்தால், அதே தொலைபேசி, அதே குழுக் கூட்டம், அதே மூன்று ஆராதனைகள் இருந்தால், மனம் எப்படி ஆறும்? ஆகவே ஆயர்களுக்கு ஒரு நலவாழ்வுக் கருத்தரங்கு நடத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். கருத்தரங்கு நடக்கட்டும். ஆனால் அது கல் அல்ல.

சரி, கல் என்றால் என்ன? நான் பெரிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே திருச்சபைகளின் சட்டங்களில் இருப்பதைத்தான் கேட்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பங்குத்தந்தை ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுமுறையில் போகலாம் என்கிறது. ஆண்டுத் தியானத்துக்குப் போகும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது என்றும் சொல்கிறது. இதை நம் குழுக்கள் கவனிக்க வேண்டும். ஆயர் மாநாட்டுக்குப் போனால், "போன மாதம்தானே போய் வந்தீர்கள்" என்று விடுமுறையில் கழிப்பது நம் வழக்கம். இங்கிலாந்துத் திருச்சபையின் 2009ஆம் ஆண்டு விதிகள், அவற்றின்கீழ் வரும் குருமாருக்கு ஏழு நாட்களில் ஒருமுறை இடையூறில்லாத 24 மணி நேர ஓய்வும் ஆண்டுக்கு 36 நாள் விடுப்பும் என்று எழுதிவைத்திருக்கின்றன. இடையூறில்லாத என்ற சொல்லைப் பாருங்கள். தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது அதில் சேராது. ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்ற கட்டளையைப் பிரசங்கிப்பவருக்கு ஞாயிறு வேலைநாள். அப்படியானால் வேறொரு நாள் அவருடைய ஓய்வுநாளாக இருக்க வேண்டும். அதைக் காப்பது சபையின் கீழ்ப்படிதல் என்றே நான் நம்புகிறேன்.

எழுதிவைத்தால் மட்டும் போதாது. விடுமுறை எடுப்பவர் கூச்சப்படாமல் எடுக்க, அவருடைய இடத்தில் நிற்க ஆள் வேண்டும். பக்கத்துச் சபை ஆயரை அனுப்பினால் அவருடைய சுமைதான் கூடும். ஓய்வுபெற்ற ஆயர்கள், பயிற்சி பெற்ற பொதுநிலை ஊழியர்கள் என்று மன்றமே ஒரு பட்டியல் வைத்திருந்தால், விடுமுறைக் கடிதத்தோடு மாற்று ஆளையும் தேடும் வேலை ஆயருக்கு மிஞ்சாது.

நம்பிப் பேசும் காதுதான் எல்லாவற்றிலும் கடினம். பேராயர்களே, மனம் நோகாமல் கேளுங்கள்: உங்களிடம் மனம் திறக்க ஆயர்களுக்குப் பயம். நீங்கள் அன்பில்லாதவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுடைய இடமாற்றமும் பதவியும் உங்கள் கையில் இருக்கின்றன. "எனக்கு மனச்சோர்வு" என்று உங்களிடம் சொல்லும் ஆயர், அடுத்த மாற்றல் பட்டியலில் தன் பெயர் எங்கே வரும் என்று யோசிக்கத்தான் செய்வார். ஆகவே அவருக்கு ஆலோசனை சொல்பவர், மன்றத்தோடும் மாற்றல் குழுவோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவராக இருக்க வேண்டும். யார் போனார், எத்தனை முறை போனார் என்ற கணக்குக்கூட உங்களுக்கு வரக் கூடாது. செலவை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதோடு ஆத்தும ஆலோசகர் ஒருவரும் வேண்டும். ஆயருக்கு ஓர் ஆயர். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்டு, தன்னிடம் துறவியாக இருந்து பின்பு போப்பாண்டவரான மூன்றாம் யூஜினுக்கு எழுதும்போது, எல்லாருக்கும் உன்னைக் கொடுக்கிறாயே, அந்த எல்லாரிலும் நீயும் ஒருவன் அல்லவா என்ற பொருளில் கேட்டார். போப்பாண்டவருக்கே அப்படிக் கேட்க ஒருவர் இருந்தார்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் பேசாததால். ஆயர் குடும்பம் இருப்பது சபை கொடுத்த வீட்டில். நோயால் வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகளின் பள்ளியும் மாறும். இந்தப் பயம் இருக்கும்வரை எந்த ஆயரும் சீக்கிரமே மருத்துவரிடம் போகமாட்டார். மறைத்து மறைத்து, விழுந்த பிறகுதான் போவார். நோயிலும் முதுமையிலும் அந்தக் குடும்பம் எங்கே இருக்கும் என்பதற்கு மன்றம் எழுத்தில் ஓர் உறுதி கொடுத்தால், அது நூறு மாத்திரைகளுக்குச் சமம். தனியாக வாழும் குருக்களுக்கு வேறு கவலை. இரவில் நெஞ்சு வலித்தால் யாரை எழுப்புவார்கள்? பெண் ஆயர்களிடம் கேட்டால் இன்னும் சில காரியங்கள் வரும். பேறுகால விடுப்பில் இருந்தவரை ஒரு திருமுழுக்குக்காகக் கூப்பிட்ட சபையை நான் அறிவேன். எந்த மன்றத்தோடும் சேராத தனிச் சபைகளின் போதகர்கள் கேட்பாரற்றவர்களாகவே இருக்கிறார்கள். அவர்களுக்காக யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சபைகளின் மூப்பர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு முழு உடல் பரிசோதனைக்குப் போய் வாருங்கள். அதிலிருந்து தொடங்குங்கள்.

சில ஆயர்களும் இதற்கு இணங்கமாட்டார்கள். நான் இல்லாவிட்டால் சபை நின்றுவிடும் என்ற எண்ணம் அவர்களுக்குள்ளும் இருக்கிறது. பல ஆண்டுகள் நாம் அப்படிச் சொல்லிச் சொல்லி வளர்த்த எண்ணம் அது. எபேசு மூப்பர்களிடம் பவுல், "உங்களைக்குறித்தும்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான், "மந்தை முழுவதையுங்குறித்தும்" எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். ஐயாமார்களே, அம்மாமார்களே, அந்த வரிசை உங்களுக்காக எழுதப்பட்டது. கடலில் புயல் அடித்தபோது நம் ஆண்டவர் படவின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் சபையில் என்ன செய்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆயருக்கு மூன்று மாதம் முழு ஓய்வு கொடுத்தோம். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போய்விட்டன. அவர்களைத் தடுக்க அவரை அழைப்பதில்லை என்று குழுவில் தீர்மானித்தோம். அவர் திரும்பி வந்ததிலிருந்து ஞாயிறுக்கு இரண்டு ஆராதனைகள்தான். மூன்றாவதை ஓய்வுபெற்ற ஓர் ஆயரும் பொதுநிலை ஊழியர் ஒருவரும் மாறி மாறி நடத்துகிறார்கள். திங்கட்கிழமை அவருடைய ஓய்வுநாள். அன்று அவருடைய சபைத் தொலைபேசி எங்களிடம் இருக்கும். மூப்பர்கள் நான்கு பேர் முறைவைத்து எடுக்கிறோம். முதல் திங்கட்கிழமை என்னுடைய முறை. இருபத்தேழு அழைப்புகள் வந்தன. உண்மையாகவே ஆயர்தான் வேண்டும் என்ற அழைப்பு ஒன்றே ஒன்று. ஒருவர் மரணப்படுக்கையில் இருந்தார். அதற்கும் ஓய்வுபெற்ற ஆயர் போனார். மற்ற இருபத்தாறையும் நானே முடித்தேன். ஆலயச் சாவி எங்கே, சான்றிதழ் எப்போது கிடைக்கும், பாட்டுப் பயிற்சி எத்தனை மணிக்கு. இத்தனை ஆண்டுகளாக அந்த இருபத்தாறையும் அவர்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

இன்றும் திங்கட்கிழமைதான். இந்த மடலை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை அந்தச் சபைத் தொலைபேசி அடித்துவிட்டது. காலையில் வெளியே போனபோது ஆயரும் அவர் மனைவியும் எதிரே நடந்து வந்தார்கள். நின்று பேசினோம். சபையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். உங்கள் அடுத்த மன்றக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, விடுமுறைக்கும், மாற்று ஆளுக்கும், வெளி ஆலோசகருக்கும், வீட்டுக்கும் எழுத்தில் என்ன செய்ய முடியும் என்று தெரிவியுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் அன்புச் சகோதரன்,
ஒரு சபை மூப்பர்